எட்டு கிளிப்பும் ஒரு திருகாணியும்

பந்தயக் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் அவள் அண்ணிதான். நரைத்த தலையும் தொப்பையுமாக இருக்கிற ஆட்கள்கூட, "அண்ணி, வண்டி இழுக்க மாட்டேங்குது, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். எல்லாம் அவளுடைய நாத்தனார் செய்த வேலை. தகரக் கூரை அதிர அவள் அண்ணி அண்ணி என்று கூவிக் கூவி, கேட்டவர் வாயிலெல்லாம் அதுவே ஒட்டிக்கொண்டது.

நாத்தனார் என்றதும் சிலருக்குக் குடுமிப்பிடி சண்டைக் கதை கேட்கும் ஆசை வந்துவிடும். சண்டை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது டர்போவின் அளவைப் பற்றியோ, ஸ்பார்க் பிளக்கின் சூட்டைப் பற்றியோதான் இருக்கும். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிக் குத்திப் பார்த்து, கண்டித்து அனுப்புவாள். சனிக்கிழமை வந்தால் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பந்தயத்துக்குக் கிளம்பிவிடுவாள். நகத்துக்கு மட்டும் வாரம் தவறாமல் ரத்தச் சிவப்பில் பூச்சு. கையுறைக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டால், "எனக்குத் தெரியுதே" என்பாள்.

அவளுடைய கார் வெளியே பார்க்கப் பரம சாது. மளிகை வாங்கப் போகிற குடும்பக் கார் என்று யாரும் நம்பிவிடுவார்கள். விஷயமெல்லாம் முன் மூடிக்குள் இருந்தது. அதை உருவாக்கியது இரண்டு பேர். சின்னவளின் அண்ணன் லேத்துக்காரர். எஞ்சின் பிளாக்கைக் குடைந்து, சிலிண்டர் சுவரை மெருகேற்றி, மயிரிழை பிசகாமல் கொடுப்பது அவர் வேலை. அந்தப் பாகங்களை வாங்கி ஒன்றோடொன்று சேர்த்து எஞ்சினாக்குவது அவர் மனைவி, நம் அண்ணி. பட்டறையின் ஒரு ஓரத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்ட அறை அவளுடையது. அங்கே செருப்போடு யார் நுழைந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

போன வருஷம் அண்ணிக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்தார்கள், கீமோ மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடியும் சுருளாக முளைத்தது. பிழைத்துக்கொண்டாள். அதிலிருந்து காலையில் கண் விழித்து ஜன்னலில் வெயிலைப் பார்த்ததும், சரி, இன்றைக்கும் இருக்கிறோம் என்று மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. யாருக்கு என்று அவள் குடைந்து பார்த்ததில்லை. கணவருக்கும் அதில் பங்கு உண்டு. சமையல் தெரியாத மனிதர் தட்டுத்தடுமாறிக் கஞ்சி காய்ச்சி, அதை லேத்தில் கடைந்த சாமான் மாதிரி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, பிறகுதான் கொண்டுவந்து கொடுப்பார். சின்னவளுக்குப் பெரிய பங்கு. மருந்து ஏற்றிய ஒவ்வொரு முறையும் கிளினிக்கை மூடிவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் முழுக்க அவள் பந்தயத்துக்கே போகவில்லை. வேறு இரண்டு மெக்கானிக்குகள் எஞ்சின் கட்டித் தருவதாக வந்து நின்றும், "அண்ணி எந்திரிச்சு வரட்டும், அதுவரைக்கும் வண்டி தூங்கட்டும்" என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள். கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்ட அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அது துக்க அழுகை இல்லை.

ஆனால் நோய் போகிற போக்கில் சும்மா போகவில்லை. அண்ணியின் விரல் நுனிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மருந்தால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது, மெல்லத் திரும்பலாம், முழுக்கத் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். இதை அண்ணி வீட்டில் மூச்சுவிடவில்லை. இவர்கள் பட்டது போதாதா, இதையும் எதற்குத் தூக்கி அவர்கள் தலையில் போட வேண்டும் என்று அவளாகவே ஒரு சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டாள். உண்மைக் காரணம் வேறு. சொன்னால் கண்ணாடி அறைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று பயம்.

அவள் பட்டறைக்குத் திரும்பிய அன்றே சின்னவள் வந்து நின்றாள்.

"அண்ணி, ஐநூறு குதிரை வேணும்."

"ஐநூறு குதிரையை எங்கடி கட்டிப்போடுவே? உங்க அண்ணன் ஒருத்தரைச் சமாளிக்கவே எனக்குத் தெம்பு இல்ல."

"என்னை ஏன் இழுக்கறீங்க?" என்று லேத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

இப்படித்தான் அந்த எஞ்சின் ஆரம்பித்தது. கம்பெனியிலிருந்து வரும்போது அது நூற்றைம்பது குதிரைத்திறன்கூட இல்லாத நாலு சிலிண்டர் எஞ்சின். அதை ஐநூறுக்கு ஏற்ற டர்போ வேண்டும். டர்போ என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. எஞ்சின் வேண்டாமென்று வெளியே தள்ளுகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், இரண்டும் கூடினால் வெடிப்பு பலமாகும். திணிப்பது சுலபம். திணித்ததைத் தாங்குகிற உடம்பு வேண்டும். அதனால் பழைய பிஸ்டன்களைத் தூக்கிக் கடாசிவிட்டு அடித்து உருவாக்கிய கெட்டிப் பிஸ்டன்கள், பருத்த கனெக்டிங் ராடுகள், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் பிடித்து வைக்க முரட்டு ஸ்டட்டுகள் என்று எல்லாம் புதிதாக வந்து இறங்கின.

அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். அளக்கக்கூடியதை எல்லாம் அளந்தாள். பிஸ்டன் வளையத்தின் இரு முனைகளுக்கும் நடுவில் விடுகிற இடைவெளியைச் சாதா எஞ்சினைவிடக் கொஞ்சம் தாராளமாக வைத்தாள். டர்போ சூட்டில் வளையம் நீளும். நீள இடமில்லாவிட்டால் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருப்பதற்கும் இதே கணக்குத்தான் என்று அவள் வழக்கமாகச் சொல்லும் ஜோக்கை இந்தத் தடவையும் சொன்னாள். அளவுகோலுக்கு விரல் நுனி வேண்டாம், கண் இருந்தால் போதும். அதனால் அவளுக்குத் தைரியம் வந்தது. மரத்த விரலை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம் என்று நினைத்தாள்.

விரல் இல்லாமல் ஆகாத வேலை ஒன்றே ஒன்றுதான். பிஸ்டனையும் ராடையும் இணைப்பது விரல் தடிமனுள்ள ஒரு இரும்பு ஊசி. அந்த ஊசி பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி கிளிப். மோதிரத்தை வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். பிஸ்டனுக்குள் அதற்கென்று வெட்டிய பள்ளத்தில் அதை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும், காதுக்கும் லேசாகக் கேட்கும். பாதி உட்கார்ந்தாலும் பார்வைக்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கும், அதுதான் சனியன். அப்படி ஒன்று முழு வேகத்தில் கழன்றால் ஊசி வெளியே வந்து சிலிண்டர் சுவரை உழுதுவிடும். எஞ்சின் சிதறும், எண்ணெய் தெறித்துத் தீப்பிடிக்கும். நாலு பிஸ்டனுக்கு எட்டு கிளிப். அன்றைக்குப் பார்த்துக் காற்று கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. காதுக்கு எதுவும் கேட்கவில்லை. விரலுக்குத் தெரிந்தது என்று நினைத்தாள். பிஸ்டன்களை மரத் தட்டில் வரிசையாக வைத்துத் துணி போர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்குப் போனாள். மறுநாள் வந்து எஞ்சினை மூடினாள்.

எஞ்சின் முதல் சாவியிலேயே கிளம்பிவிட்டது. லேத்துக்காரர் கையைத் தட்டினார், சின்னவள் விசிலடித்தாள். பூஸ்ட், அதாவது டர்போவின் காற்றழுத்தம், ஏற்றாமல் மெதுவாக ஓட்டிப் பழக்கினார்கள். ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. வெள்ளிக்கிழமை எஞ்சினின் பலத்தை அளக்கும் டைனோவில் ஏற்றி முழு பூஸ்டில் சோதித்து டியூன் செய்வது, ஞாயிற்றுக்கிழமை அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம் என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தோடு போட்டுக்கொண்டாள். தோட்டைக் காதில் செருகி, பின்னாலிருந்து திருகாணியைத் திருகினாள். நன்றாக ஏறிவிட்டது என்று கையை எடுத்தாள். திருகாணி டைல்ஸ் தரையில் விழுந்து ஓடியது.

குனிந்து எடுத்து மறுபடியும் திருகினாள். இந்தத் தடவை ஏறிவிட்டது என்று சத்தியமே செய்திருப்பாள். மறுபடியும் விழுந்தது.

எட்டு கிளிப்பும் கண்முன் வந்து நின்றன. அன்றைக்கும் இதே மாதிரிதானே 'ஏறிவிட்டது' என்று நினைத்தோம்? ஏறியதை உணர்ந்தோமா, ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டோமா? தோட்டைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு, வெறுங்காதோடு பட்டறைக்கு ஓடினாள்.

அங்கே கார் டிரெய்லரில் ஏறத் தயாராக நின்றது. சின்னவள் கிளினிக்குக்கு லீவு போட்டுவிட்டு ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லேத்துக்காரர் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க. எஞ்சினைத் திறக்கணும்" என்றாள் அண்ணி.

லேத்துக்காரர் திருதிருவென்று விழித்தார். "எதுக்கு? கேட்டுப் பாரு, எவ்வளவு சுத்தமா ஓடுது."

மென்று முழுங்க நேரமில்லை. அண்ணி போட்டு உடைத்தாள். "எனக்கு விரல் நுனி மரத்துப்போச்சுங்க. மருந்து ஏத்தினதுல இருந்தே. யார்கிட்டயும் சொல்லல. அந்த கிளிப்பெல்லாம் உட்காந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நெனச்சுக்கிட்டு மூடிட்டேன்."

சங்கிலி அவர் கையிலிருந்து நழுவியது. "இத்தனை மாசமா ஏம்மா சொல்லல?" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

சின்னவள் ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். "அண்ணி, அது சரியாத்தான் இருக்கும்..."

"நீ வாயை மூடு. ஓட்டுறவளுக்குப் பயமும் கிடையாது, எதுவும் கிடையாது. உள்ள உட்காரப்போறது நீ. எனக்குத் தெரியாத ஒண்ணை நம்பி உன்னை ஏத்திவிட்டுட்டு நான் வெளிய நின்னு கை தட்டவா?"

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கருவிப் பெட்டியை இழுத்துவந்து காரின் பக்கத்தில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் போனது போனதுதான். ஒரு வருஷம் காத்திருந்தவள் முகத்தில் அதற்கான சுருக்கம் ஒன்றுகூட இல்லாதது அண்ணியை இன்னும் குத்தியது. அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள்.

எண்ணெயை வடித்தார்கள். டர்போவைக் கழற்றித் துணி விரித்த பலகையில் வைத்தார்கள். எஞ்சினைக் கப்பி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினார்கள். ஹெட்டைத் தூக்கினார் லேத்துக்காரர். கூரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார், மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. கீழ்த் தொட்டியைக் கழற்றி, ராடின் மூடியைப் பிரித்து, சுத்தியல் கட்டையால் மெதுவாகத் தட்டி முதல் பிஸ்டனை மேலே தள்ளினாள் அண்ணி. சின்னவள் அதை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கி, துடைத்துக் கொடுத்தாள்.

அண்ணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கிளிப் பள்ளத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மறுபக்கம் திருப்பினாள். அதுவும் அப்படியே. அப்பாடா என்று மூச்சு விடப் போனவள் அப்படியே நின்றாள். கிளிப்புக்குப் பக்கத்தில், பிஸ்டனின் உலோகத்தின்மேல், கடுகளவு ஒரு புள்ளி. எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தாலும் சிவப்புதான். மறுபக்கத்திலும் ஒன்று.

அண்ணி மஞ்சள் மார்க்கர் வைத்து போல்ட்டுகளில் கோடு போடுவாள். சிவப்பு அவளுடையது இல்லை. பிஸ்டனுக்கு உள்ளே அவள் எதையும் பூசியதும் இல்லை. எண்ணெய் தடவி உள்ளே இறக்கிய அன்றைக்கு இது அவள் கண்ணில் படவும் இல்லை.

இரண்டாவது பிஸ்டனைத் தள்ளினாள். இரண்டு பக்கமும் புள்ளி. மூன்றாவதில் ஒரு பக்கம் ஒரு புள்ளி. மறுபக்கம் இரண்டு புள்ளி, அடுத்தடுத்து. நாலாவதில் பழையபடி ஒவ்வொன்று.

அவள் மூன்றாவது பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். சின்னவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் அந்த நகங்களை அந்த வீட்டில் யாருக்குத் தெரியாது?

"எஞ்சினுக்குள்ள நகப்பூச்சா?" என்றாள் அண்ணி. முதலில் வாயில் வந்தது அதுதான். "உரிஞ்சு எண்ணெயில போனா என்னடி ஆகும்?"

"நல்ல கம்பெனிது அண்ணி. மூணு நாள் பாத்திரம் தேய்ச்சாலும் போகாது."

"எப்ப வெச்சே?"

"நீங்க செக்கப்புக்குப் போன மத்தியானம்." சின்னவள் கையை முன்னால் கொண்டுவந்தாள். "பல்லு பாக்குற குட்டிக் கண்ணாடியும் குத்திப் பாக்குற ஊசியும் எடுத்துட்டு வந்தேன். சொத்தைப் பல்லைப் பாக்குற மாதிரி ஒவ்வொரு கிளிப்பையும் சுத்திச் சுத்திக் குத்திப் பாத்தேன். சரியா இருந்தா ஒரு புள்ளி."

"இதுல ரெண்டு இருக்கே."

"அது பாதிதான் உட்காந்திருந்துச்சு. நான் அழுத்தி உட்கார வெச்சேன். அதான் ரெண்டு."

லேத்துக்காரர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி பயந்தது வீண் பயம் இல்லை. நிஜமாகவே ஒரு கிளிப் உட்காரவில்லை. இந்தப் பெண் மட்டும் வந்து பார்க்காமல் விட்டிருந்தால்? அந்த நினைப்பை முடிக்க முடியாமல் அவள் பிஸ்டனைப் பலகையில் வைத்தாள். அதற்கப்புறம்தான் கோபம் வந்தது.

"இது என் வேலை. என்னைக் கேக்காம என் பிஸ்டன்ல கை வெச்சது தப்பு."

"தப்புதான் அண்ணி."

"என் விரலைப் பத்தி உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒருநாள் டீ குடிச்சுக்கிட்டு டர்போ சைஸ் பத்தி என்கூட சண்டை போட்டீங்க. டம்ளர் விளிம்புவரைக்கும் சூடு. நான் என் டம்ளரைத் துணியில பிடிச்சிட்டிருக்கேன், நீங்க பாட்டுக்கு விரலாலயே பிடிச்சுக்கிட்டுப் பேசிட்டே இருந்தீங்க. நான் தினமும் ஊசி போட்டு மரக்க வைக்கிறவ. மரத்ததைப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? ஒண்ணு உட்காரலன்னு கண்டுபிடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே ஸ்பானரைக் கீழ வெச்சிருப்பீங்க. அப்புறம் யாரு கூப்பிட்டாலும் எடுத்திருக்க மாட்டீங்க. எனக்கு உங்களை நல்லாத் தெரியும்."

அது உண்மை.

"சரி, இன்னிக்குக் காலையில? திறக்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் பந்தயம் போயிருக்காதே."

"சொல்ல வந்தேன், நீங்க வாயை மூடச் சொன்னீங்க" என்று சிரித்தாள் சின்னவள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். "நான் சொல்லி நீங்க நம்பியிருப்பீங்களா? எனக்கு ஓட்டுற ஆசை, அதுக்காகப் பூசி மெழுகுறேன்னு நெனச்சிருப்பீங்க. நான் ஒவ்வொரு தடவை கியர் மாத்துறப்பவும் வெளிய நின்னு செத்துச் செத்துப் பொழச்சிருப்பீங்க. அதுக்குக் கண்ணாலயே பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன். பந்தயம் அடுத்த வருஷமும் வரும்."

அண்ணி கண்ணாடித் தடுப்பில் சாய்ந்துகொண்டாள். "இனிமே நான் எப்படிடி எஞ்சின் கட்டுவேன்?" என்று கேட்டாள். பல மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த கேள்வி அது ஒன்றுதான்.

"மரத்த வாயோட சாப்பிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டு எத்தனை பேரு வர்றாங்க தெரியுமா? அதுக்காக இனிமே சாப்பிடவே வேணாம்னு யாராச்சும் சொல்வாங்களா? கொஞ்ச நாளைக்கு யாராவது பாத்துக்கணும், அவ்வளவுதான். வளையத்துக்கு எவ்வளவு இடைவெளி, பேரிங்குக்கு எவ்வளவு எண்ணெய், எந்த ஸ்டட்டை எந்த வரிசையில இறுக்கணும், இதெல்லாம் எனக்குத் தெரியுமா? சத்தியமா தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குத்திப் பாக்குறது. அது என் பத்து விரல்லயும் இருக்கு. வேணும்ங்கறப்ப கூப்பிடுங்க, வர்றேன்."

அண்ணி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். கையெல்லாம் எண்ணெய், சின்னவளின் வெள்ளைச் சட்டை முதுகில் பத்து விரலும் பதிந்தது. எவ்வளவு பெரிய நன்றியாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு வார்த்தை வரத்தான் மறுக்கிறது. "நீ நல்லா இருக்கணும்டி" என்று மட்டும் சொன்னாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் ஸ்டூலில் இருந்த லேத்துக்காரர். "ஒருத்திக்கு விரல் மரத்துப்போச்சு, சொல்லல. ஒருத்தி ரகசியமா வந்து குத்திப் பாத்துட்டுப் போனா, சொல்லல. இந்த வீட்டுல நான்னு ஒருத்தன் இருக்கேனா இல்லையா?"

"இருக்கீங்க அண்ணா. திறந்ததுக்கு அப்புறம் பழைய ஹெட் கேஸ்கெட் உதவாது, புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றாள் சின்னவள்.

அவர் அலமாரியைத் திறந்து உறை பிரிக்காத கேஸ்கெட் ஒன்றை எடுத்து வைத்தார். எதற்கு இரண்டு வாங்கினீர்கள், ஊதாரித்தனம் என்று அவர் அதை வாங்கிவந்த அன்றைக்கு அண்ணி ஒரு பிடி பிடித்திருந்தாள். இப்போது அவரைப் பார்த்தாள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

அந்த ஞாயிறு அவர்கள் பந்தயத்துக்குப் போகவில்லை. கண்ணாடி அறையில் எஞ்சின் கட்டினார்கள். அண்ணி முதல் வேலையாகத் தின்னரில் துணியை நனைத்து எல்லாப் புள்ளிகளையும் துடைத்தாள். எஞ்சினுக்குள் பூச்சு கூடவே கூடாது, பிஸ்டன் வைக்கிற மரத் தட்டில் அந்தந்தக் குழிக்குப் பக்கத்தில் வை என்று சட்டம் போட்டாள். கம்ப்ரஸரை அணைக்கச் சொன்னாள். பழைய கிளிப் எட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு புதுக் கிளிப்பாக அண்ணி அழுத்துவாள். சின்னவள் ஊசியால் சுற்றிக் குத்திப் பார்த்து, "பல்லு கெட்டி, அடுத்த பேஷண்ட்" என்பாள். தட்டில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். ஐந்தாவதில், "அண்ணி, இது உட்காரல" என்றாள். அண்ணி அதைக் கழற்றி எடுத்து, வேறொரு கிளிப்பைப் போட்டு அழுத்தினாள். "இப்ப?" என்று கேட்டாள். "இப்ப கெட்டி." வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை மாதம் ஒளித்தோம் என்று அண்ணிக்கே சிரிப்பு வந்தது.

எஞ்சினை மறுபடியும் மெதுவாக ஓட்டிப் பழக்கி, ஒரு காலைப்பொழுதில் டைனோவில் ஏற்றினார்கள். டைனோ என்பது தரையில் பதித்த உருளைகள். கார் நின்ற இடத்திலேயே ஓட, சக்கரத்தில் எத்தனை குதிரை என்று திரை சொல்லிவிடும். சின்னவள் உள்ளே உட்கார்ந்தாள். அண்ணி கதவோரம் நின்றாள். பூஸ்ட் ஏற ஏற அந்தச் சாதுக் கார் போட்ட சத்தத்தில் டைனோக்காரர் இரண்டு அடி பின்னால் போனார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கழன்று விழுந்தது. அண்ணி அசையவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். இன்றைக்கு ஒவ்வொரு கிளிப்பும் இருக்கிற இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

திரையில் நானூற்றுத் தொண்ணூற்றேழு என்று விழுந்தது.

"மூணு குதிரை எங்கயோ மேயப் போயிடுச்சு" என்றார் லேத்துக்காரர்.

சின்னவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அண்ணி, பூஸ்டை இத்தினியூண்டு ஏத்தினா அதையும் பிடிச்சுடலாம்."

"வேணாம். இருக்கறது போதும்" என்றாள் அண்ணி. ஒரு காலத்தில் அந்த மூன்று குதிரைக்காக வாரக்கணக்கில் தூங்காமல் கிடந்திருப்பாள். இப்போது நிஜமாகவே போதும் என்று இருந்தது.

அடுத்த வருஷத்தின் முதல் பந்தயத்தன்று காலையில், சின்னவள் கிளம்பித் தயாராகி அண்ணியின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "நேரமாச்சு அண்ணி, இன்னும் என்ன பண்றீங்க?"

அண்ணி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். எஞ்சினைத் திறந்த அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் காது வெறுமையாகவே கிடந்தது. இன்றைக்குத் தோட்டைச் செருகி, திருகாணியைத் திருகியிருந்தாள். உட்கார்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஏற்கெனவே ஒரு முறை விழுந்துவிட்டது.

அவள் திரும்பித் தன் காதைச் சின்னவள் பக்கம் நீட்டினாள். "உட்காந்திருக்கா பாரு" என்றாள்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். திருகாணியைப் பிடித்து அரைச் சுற்று இறுக்கினாள். லேசாக இழுத்துப் பார்த்தாள். "பல்லு கெட்டி" என்றாள். பிறகு கைப்பையைத் திறந்து, நகப்பூச்சுப் பாட்டிலின் மூடியைத் திருகி, அண்ணியின் காது மடலுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தாள்.

ஜில்லென்று இருந்தது. அது அண்ணிக்கு நன்றாகத் தெரிந்தது.